அராபெல்லா என்கிற ஜெயலட்சுமி

பீளமேடு,
கோயமுத்தூர்.
14-11-1955

கொச்சித் துறையில் ஜெயலட்சுமி கப்பலில் இருக்கும் என் வீட்டுக்காரர் சீனிவாசலு அவர்களுக்கு, ராமாமணி வணங்கி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் வரலட்சுமியும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குப் படுத்து இருந்து வருகிறோம். நலம் என்று எழுத வேண்டிய இடத்தில் இவ்வளவுதான் எழுத வருகிறது.

நாம் வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்கு எழுதத் தெரிந்தது தமிழ் மட்டும். அதனால் நினைப்பது ஒன்றும் காகிதத்தில் விழுவது ஒன்றுமாக இருக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அன்னூர்த் தோட்டத்தில் இந்த வருஷம் மழை நன்றாகப் பிடித்திருக்கிறது. கிணற்றில் மேல் படி வரைக்கும் தண்ணீர். என் அண்ணன் வரதராஜு பருத்தி போட்டிருக்கிறார். நம் வீட்டுக் கொல்லையில் முருங்கை சாய்ந்துவிட்டது, வெட்டச் சொல்லிவிட்டேன். வரலட்சுமி தையல் கற்றுக்கொள்ளப் போகிறாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் தன் அண்ணன் ரங்கராஜின் சட்டையை எடுத்து மடித்து மடித்து வைக்கிறாள். அதற்கு இது தேவலை.

நம் ரங்கராஜ் போன சித்திரையில் போனான். இப்போது ஐப்பசியும் முடியப்போகிறது. கருமாதிக்கு நீங்கள் வருவீர்கள் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தோம். பெற்றவன் உயிரோடு இருக்கும்போது மாமன் செய்வதா என்று ஐயர் கேட்டார். அண்ணன் உட்கார்ந்து செய்து முடித்தார். கொச்சி சீமையில் இருக்கும் ஊர் இல்லை. காலையில் ரயில் ஏறினால் சாயங்காலத்துக்குள் போத்தனூர் வந்துவிடலாம்.

கையூம் பாய் லீவில் கோட்டைமேட்டுக்கு வந்திருந்தபோது நம் வீட்டுக்கும் வந்தார். உங்கள் கப்பலில் கரி தள்ளுகிறவர்களுக்கெல்லாம் தலைவராக இருந்த மனுஷர், வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கப்பலை இனிக் கடலுக்கு விடக்கூடாது என்று உத்தரவாகிவிட்டதாம். ஆட்களையெல்லாம் அனுப்பிவிட்டார்களாம். காவலுக்கு ஓர் ஆள் போதும், தான் இருந்துகொள்கிறேன், நீங்கள் ஊருக்குப் போங்கள் என்று அவர் சொன்னாராம். நீங்கள் கேட்கவில்லையாம், அதனால் அவரும் உங்களோடு தங்கிவிட்டாராம்.

இது எங்கே ஆரம்பித்தது என்று உட்கார்ந்து யோசிக்கிறேன். மில்லுக்கு மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்து, நீங்கள் பார்த்துக்கொண்டிருந்த நீராவி இஞ்சினைப் பிரித்துப் போட்டார்களே, அன்றைக்குத்தான் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கரண்டு வேலை பழகச் சொன்னார்கள். நீங்கள் மாட்டேன் என்று சென்னைக்குப் போய் இந்தக் கப்பலில் இஞ்சின் வேலைக்குச் சேர்ந்தீர்கள். ரங்கராஜ் அப்போது என் வயிற்றில் இருந்தான்.

இன்னொரு நாள், அதெல்லாம் இல்லை, நீங்கள் லீவில் வரும்போது அவனுக்குச் சொன்ன கதைகளில்தான் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது. அடுப்படியில் இருந்து கேட்ட எனக்கே அவை மனப்பாடம். ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதாம் வருஷத்தில் கிளாஸ்கோவில் தண்ணீரில் இறக்கினார்கள், அப்போது அவள் பெயர் அராபெல்லா என்று ஆரம்பிப்பீர்கள். கப்பலை அவள் என்றுதான் சொல்வீர்கள். எனக்கு அது பிடிக்காது. லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் துரைகளும் துரைசானிகளும் போனார்களாம். முதல் வகுப்பில் பியானோ இருந்ததாம். குழந்தைகளுக்குப் பால் கறக்க மேல்தளத்தில் பசுவைக் கட்டியிருந்தார்களாம். அலை அடித்தால் மாடு எப்படி நிற்கும் என்று ரங்கராஜ் நின்று நடித்துக் காட்டுவான்.

தென்னாப்பிரிக்காவில் சண்டை வந்தபோது சிப்பாய்களையும் குதிரைகளையும் ஏற்றினார்கள்; பியானோ இருந்த ஹாலில் காயம்பட்டவர்களைக் கிடத்தினார்கள். வயதானதும் ரங்கூன் கம்பெனிக்காரன் வாங்கிப் பெகு என்று பெயரை மாற்றி, நம் ஜனங்களை மூட்டை மாதிரி அடுக்கிப் பர்மாவுக்கு ஓட்டினான். நடுவில் சில வருஷம் ஹாஜிகளை ஏற்றிக்கொண்டு ஜித்தாவுக்குப் போய் வந்தது. ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து ஜனங்களைக் கொண்டுவந்தது நீங்களே இருந்த பயணம். ஏணியைத் தூக்கிய பிறகு கரையில் நின்ற ஒருத்தி தன் குழந்தையை மேலே எறிந்தாள், கையூம் பாய் பிடித்தார் என்பீர்கள். அந்தத் தாய் என்ன ஆனாள் என்று ரங்கராஜ் ஒவ்வொரு தடவையும் கேட்பான். தெரியாது என்று நீங்களும் ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை முதலாளி ஒருவர் வாங்கி ஜெயலட்சுமி ஆக்கினார். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்குமாகக் கொஞ்ச காலம் ஓடியது. ஆட்களை ஏற்றக்கூடாது என்று லைசென்சைப் பிடுங்கிய பிறகு சிமெண்டும் கொப்பரையும் ஏற்றினார்கள். அப்போதுதான் நம் பிள்ளை அதில் போய் ஏறினான். இவ்வளவு கதை கேட்டு வளர்ந்தவனுக்குப் பஞ்சும் நூலும் எப்படிப் பிடிக்கும்? அண்ணன் மில்லில் ஃபிட்டர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். நான் கப்பல் வேண்டாம் என்றேன். நீங்கள், என் கண்ணெதிரிலேயே இருப்பான், உனக்கு என்ன பயம் என்றீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எதற்காக எழுதினேன் என்றும் தெரியவில்லை. தைப்பூசத்துக்கு முன்னாலாவது ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். வரலட்சுமி உங்களைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் ராமாமணி


பீளமேடு,
23-9-1956

என் வீட்டுக்காரருக்கு ராமாமணி எழுதுவது. அண்ணனும் நானும் சுகமாக ஊர் வந்து சேர்ந்தோம். வழியில் ஒரு தொந்தரவும் இல்லை.

போன வாரம் நான் கப்பலுக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். மேலே நின்று கூப்பிட்டது என் குரல்தான் என்றும் தெரிந்திருக்கும். ஆனால் நீங்கள் மேலே வராததால் மேலே நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதை எழுதிவிடுகிறேன்.

கையூம் பாய் துறைக்குப் படகு கொண்டுவந்திருந்தார். நான் அதுவரை எந்தக் கப்பலையும் கிட்டத்தில் பார்த்ததில்லை. உங்கள் பேச்சைக் கேட்டு மனசில் கட்டி வைத்திருந்தது ஒரு வெள்ளை மாளிகை. அங்கே நின்றது துரு. படகு முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனபோது ஜெயலட்சுமி என்ற எழுத்துக்குக் கீழே பழைய இங்கிலீஷ் எழுத்துகள் பெயிண்டுக்குள்ளிருந்து மேடாகத் தெரிந்தன. அண்ணன் அண்ணாந்து பார்த்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து, அராபெல்லா என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுபது வருஷமாக எத்தனையோ பேரைக் கொண்டுபோய்க் கரை சேர்த்ததாம். என் பிள்ளையை மட்டும் சேர்க்கவில்லை.

ஏணியில் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கையூம் பாய் கையைக் கொடுத்து ஏற்றினார். துரைமார் சாப்பிட்ட ஹாலைக் காட்டினார். நிலைக்கண்ணாடிகள் இருந்த இடத்தில் வெறும் பலகை. கூரை ஓரத்தில் மரத்தில் செதுக்கிய திராட்சைக் கொத்துகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. கீழே கயிறும் காக்கை எச்சமும். பியானோ எந்த மூலையில் இருந்தது என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை, அவர் சேர்வதற்கு முன்பே அதை எடுத்துவிட்டார்களாம்.

பிறகு நான் கேட்டேன், அன்றைக்கு என்ன நடந்தது, மறைக்காமல் சொல்லுங்கள் என்று. அண்ணன் எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். கையூம் பாய் சொன்னார். நீராவிக் குழாய் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று நீங்கள் முதலாளியிடம் நேரிலேயே சொன்னீர்களாம். இந்தப் பயணம் முடியட்டும் என்றாராம். அன்றைக்குக் காலையில் உங்களுக்குக் காய்ச்சல். உங்கள் முறைக்கு ரங்கராஜ் இறங்கினானாம். நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்களாம், அவன்தான் தோளைப் பிடித்துப் படுக்க வைத்துவிட்டுப் போனானாம். கொஞ்ச நேரத்தில் கப்பல் முழுவதும் வெள்ளைப் புகை. ஒருத்தரும் கீழே இறங்கத் துணியவில்லை. காய்ச்சல் உடம்போடு நீங்கள் ஈரச் சாக்கைப் போர்த்துக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கிவந்தீர்களாம். மத்தியானம் வரைக்கும் உயிர் இருந்ததாம். அதுவரைக்கும் உங்கள் அறைக்குள் நீங்கள் இரண்டு பேர் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டீர்களாம்.

இதைச் சொல்லிவிட்டு அவர் என்னிடம், "அம்மணி, அவரு கீழதான் இருக்கறாருங்க. நீங்க வாரீங்கன்னு சொல்லிப்போட்டேன். ஓடாத இஞ்சினுக்குத் தினமும் எண்ணெய் போட்டுத் தொடச்சுக்கிட்டே இருக்கறாருங்க" என்றார்.

இஞ்சின் அறைக்கு இறங்கும் வாசலில் வந்து நின்றேன். உள்ளே இருட்டு. எண்ணெய் வாசனை வந்தது, நீங்கள் மில் வேலையிலிருந்து வரும்போது சட்டையில் வரும் அதே வாசனை. ஏதோ இரும்பைச் சுரண்டும் சத்தம் கேட்டது.

"ஏனுங்க, நாந்தானுங்க வந்திருக்கறேன். வரலட்சுமிக்கு மாப்பிள்ளை பாத்திருக்கோமுங்க. நீங்க வந்துதான் தாரை வாத்துக் குடுக்கோணுமுங்க" என்றேன்.

சுரண்டும் சத்தம் நின்றது. நீங்கள் மூச்சு விடுவதுகூடக் கேட்கிற மாதிரி இருந்தது. நானே இறங்கி வந்துவிடலாம் என்று நினைத்தேன். கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை முதல் படியில் வைத்தேன். அவ்வளவுதான் முடிந்தது. அவன் கடைசியாக இறங்கிய படி அது. இன்னொரு காலைத் தூக்க முடியவில்லை. நீங்கள் மேலே வரவில்லை என்று நான் வருத்தப்பட்டுக்கொண்டு திரும்பினேன். என்னாலும் கீழே வர முடியவில்லை என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

தூக்குப்போசியில் கொண்டுவந்த புளிச்சோற்றை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். படகு விலகும்போது மறுபடியும் அந்தச் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை பெயர் சென்னகிருஷ்ணன். வால்பாறையில் டீ எஸ்டேட் ஆபீசில் கிளார்க். சாதுவான பையன், நம் வீட்டில் நடந்தது தெரிந்தும் கேட்டு வந்திருக்கிறார்கள். தை மாதம் கடைசி முகூர்த்தம். பெண்ணின் அப்பா வருவார்தானே என்று அவன் அம்மா கேட்டார். வருவார் என்று சொல்லிவிட்டேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றிக் கொடுங்கள். உயிரோடு இருக்கும் பிள்ளைக்கும் நீங்கள்தான் அப்பா.

இப்படிக்கு,
ராமாமணி


பீளமேடு,
11-5-1958

பம்பாயில் பழைய கப்பல் உடைக்கும் இடத்தில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் சீனிவாசலு அவர்களுக்கு, ராமாமணி எழுதுவது.

விலாசம் கையூம் பாய் கொடுத்தது. கடிதம் உங்கள் கைக்கு வருமா என்று அவருக்கே நிச்சயம் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வரலட்சுமிக்கு இது ஏழாவது மாதம். போன வாரம் போய் அழைத்துவந்தேன். வால்பாறை ரோட்டில் வளைவுக்கு வளைவு பஸ்ஸை நிறுத்தி வாந்தி எடுத்தாள். இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். மாப்பிள்ளை நன்றாக வைத்துக்கொள்கிறார். பையன் பிறந்தால் ரங்கராஜ் என்று பெயர் வைக்கலாமா அம்மா என்று கேட்டாள். வேண்டாம் கண்ணு என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெயரைச் சொல்லி இன்னொரு குழந்தையை என்னால் சாப்பிடக் கூப்பிட முடியாது. அவள் முகம் வாடிவிட்டது.

கல்யாணத்தைப் பற்றி உங்களுக்கு நான் எழுதவே இல்லை. முகூர்த்த நேரம் தாண்டப் போகிறது என்று ஐயர் சொல்லும்வரைக்கும் வரலட்சுமி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நீங்கள் கப்பலை விட்டு நகரவே இல்லை என்றுதான் ஒரு வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு போத்தனூர் ஸ்டேஷனில் இறங்குகிறவர்களிடம் டிக்கெட் வாங்கும் பொங்கியண்ணன் ஒரு நாள் பஜாரில் என்னைப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க ஊட்டுக் கல்யாணத்தன்னைக்கு அவரு வந்திருந்தாருங்களே. புது வேட்டி கட்டிக்கிட்டு பெஞ்சுல உக்காந்திருந்தாருங்க. ஏனுங்க, நேரமாச்சே, போகலீங்களான்னு கேட்டேன். போகோணுமப்பான்னாரு. அப்புறம் பாத்தா கொச்சி வண்டியில ஏறிப்போட்டாருங்க."

அவர் போன பிறகு நான் அங்கேயே ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன். ரிக்‌ஷா வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். போத்தனூரிலிருந்து நம் வீடு எவ்வளவு தூரம்? அவ்வளவு தூரம் வந்தவருக்கு இந்தக் கொஞ்ச தூரம் ஏன் முடியவில்லை என்று அன்றைக்கெல்லாம் அழுதேன். பிறகு அந்த முதல் படி ஞாபகம் வந்தது. அழுகை நின்றுவிட்டது.

மழைக்காலம் முடிந்து கப்பலை விற்றுவிட்டார்கள் என்றும், வேறொரு கப்பல் கயிறு கட்டிப் பம்பாய்க்கு இழுத்துக்கொண்டு போனது என்றும் கேள்விப்பட்டேன். காவலுக்கு நீங்களும் அதிலேயே போனீர்கள். கையூம் பாயும் உங்களை விட்டுவிட மனசில்லாமல் கூட வந்தார். மூன்று வாரத்துக்கு முன்பு அவர் ஊர் திரும்பி, பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்தார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். மோர் கொடுத்தேன்.

அவர் சொன்னார். கடலில் நீர் ஏறும்போது கப்பலைக் கரைச் சேற்றில் ஏற்றி நிறுத்தினார்களாம். மேலிருந்து ஆரம்பித்து வெட்டிக்கொண்டே வந்தார்களாம். துரைமார் ஹாலில் இருந்த மரத்தை ஒரு ஹோட்டல்காரர் வண்டி வைத்து ஏற்றிப் போனாராம். கொதிகலன் இருந்த இடத்தை வெட்டும் நாள் வந்தபோது, இரும்பை வெட்டும் காஸ் விளக்கை என்னிடம் கொடுங்கள் என்று நீங்கள் போய் நின்றீர்களாம். பழக்கம் இல்லாதவர் என்று மேஸ்திரி தயங்கினாராம். கையூம் பாய்தான் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாராம். பிறகு எல்லோரும் விலகிக்கொண்டார்களாம். அந்தக் குழாய் போன சுவரை மேலிருந்து கீழே வரைக்கும் நீங்களே வெட்டினீர்களாம். முடிந்ததும் அழுவீர்கள், ஊருக்குப் போகலாம் என்பீர்கள் என்று அவர் காத்திருந்தாராம். நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு மேஸ்திரியிடம் போய், அடுத்த கப்பல் எப்போது வருகிறது என்று கேட்டீர்களாம்.

அடுத்ததும் வந்துவிட்டதாம். அதில் வேலை செய்கிறீர்களாம். அதன் பெயர் என்ன என்று நான் கையூம் பாயைக் கேட்டேன். நீங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லையாம். ஒரு கப்பலின் மூன்று பெயரையும் பிறந்த ஊரையும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்கள். இதைக் கேட்டபோதுதான், என் பிள்ளையோடு சேர்த்து உங்களையும் அன்றைக்கே கொடுத்துவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

கப்பல் நின்றவரைக்கும் எனக்குத் திட்டுவதற்கு ஒன்று இருந்தது. தினமும் விளக்கு வைத்துவிட்டு, நாசமாய்ப் போ என்று அதைத்தான் சொல்வேன். இப்போது நாசமாய்ப் போய்விட்டது. நான் நினைத்ததுபோல மனசு ஆறவில்லை. எண்பத்தொன்பதில் பிறந்து எத்தனையோ பேர் காலடி பட்டதை, டன் கணக்கில் அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். இனி அவன் இருந்த இடம் என்று சொல்லக்கூட ஒன்றும் இல்லை. நீங்களும் நானும்தான் மிச்சம்.

நீங்கள் வந்தால் நான் எதுவும் கேட்க மாட்டேன் என்று எழுதச் சொல்கிறார் அண்ணன். அப்படி எழுதினால் அது பொய். கேட்பேன். அன்றைக்குக் காலையில் அவன் என்ன சாப்பிட்டான் என்று கேட்பேன். அந்த அறைக்குள் என்ன பேசினான், ரொம்ப வலித்ததா, தண்ணீர் கேட்டானா, என்னைக் கூப்பிட்டானா என்று கேட்பேன். ஏசுவேன். என் கண்ணெதிரில் இருப்பான் என்று சொன்னீர்களே என்றும் ஒரு நாள் என் வாயில் வந்துவிடும். இதையெல்லாம் கேட்க எனக்கு உலகத்தில் வேறு ஆள் கிடையாது. உங்களுக்கும் இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது என்றுதான் நினைக்கிறேன்.

அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றுகிற ஒரு நாளில் ரயில் ஏறுங்கள். வீடு வரைக்கும் வர முடியாவிட்டால் பரவாயில்லை. போத்தனூரில் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள், பொங்கியண்ணனிடம் சொல்லி அனுப்புங்கள். நானே வருகிறேன். இந்த முறை வந்துவிடுவேன்.

பெருமாள் உங்கள் கண்ணையும் கையையும் காப்பாற்றட்டும். அந்த நெருப்புக்கிட்ட ஜாக்கிரதையாக இருங்கள்.

உங்கள்
ராமாமணி